பொருள்: பி.டி.ஓ.வுக்குத் தமிழ்: ‘திறன் எடுப்பு’ வேண்டாம், ‘விசைமடை’ ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம். பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) என்பது இன்ஜினின் சுழற்சியை டிராக்டரில் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் அமைப்பு, பெரும்பாலும் வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நம்மில் ஒருவர் எழுதியது:

> ‘திறன் எடுப்புத் தண்டு’ என்றே போட்டுவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறதுதான், ஆனால் யாருக்கு விளங்கும்? எங்கள் பாகூரில் டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “யாரு சார் எடுத்துட்டுப் போனாங்க?” என்றார்.

நாம் மொழிபெயர்ப்பது பெரிய தோப்பு, பண்ணை வைத்திருப்பவர் எந்த அளவு டிராக்டர் வாங்கலாம் என்று சொல்லும் கையேடு. அதில் பாதிக் கணக்கு இந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது. இது குழம்பினால் வாங்குகிறவர் கைக்காசு போகும். பண்ருட்டிப் பக்கம் என் மச்சானுக்குப் போனது.

அவருக்குப் பதினைந்து காணி முந்திரி. (காணி 1.32 ஏக்கர் என்று போட்டால் ஏறக்குறைய 20 ஏக்கர்.) முந்திரிக் கிளை தாழ்ந்து தரையைத் தொடும், பெரிய வண்டி உள்ளே நுழையாது என்பதால் 28 ஹெச்.பி. மினி டிராக்டர் வாங்கினார். அதுவரை சரியான முடிவு. விற்றவர் பேச்சைக் கேட்டு அதில் 5 அடி ரோட்டாவேட்டரையும் (கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) மாட்டிக்கொண்டார். கோடையில் இறுகிக் கிடந்த செம்மண்ணில் இறக்கியதும் வண்டி கரும்புகை கக்கித் திணறியது. 28 என்பது இன்ஜினின் திறன். ரோட்டாவேட்டரைச் சுற்றுவது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு. அங்கே வந்து சேர்வது 24 ஹெச்.பி. இருந்தால் அதிகம். 5 அடிக்கு அது போதாது. பிறகு 4 அடிக்கு மாற்றினார், நஷ்டத்தோடு.

ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் மானியத் திட்டம் டிராக்டர்களை 8–20, 20–40, 40–70 என்று பி.டி.ஓ. ஹெச்.பி.யை வைத்துத்தான் பிரிக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய நிலையமும் இதைத் தனியாக அளந்து சொல்கிறது. கடைப் பேச்சிலோ 45 என்றால் இன்ஜின் 45. தண்டில் அது 38 சொச்சம். இந்த வித்தியாசம் காதில் விழுகிற மாதிரி ஒரு சொல் நமக்கு வேண்டும்.

பிரெஞ்சில் இதற்கு ‘பிரீஸ் தெ ஃபோர்ஸ்’, அதாவது விசையை எடுப்பது. புதுச்சேரிக்காரன் என்பதால் அந்தப் பக்கம் சாயலாமா என்றுகூட ஒரு சபலம் வந்தது. ஆனால் வழி காட்டியது ஜெர்மன். அவர்கள் ‘ட்சாப்ஃப்வெல்லே’ என்கிறார்கள். பீப்பாயில் குழாய் வைத்துத் திறந்துவிடுவதைச் சொல்லும் வினையும் தண்டும் சேர்ந்த சொல். நமக்குப் பீப்பாய் எதற்கு, ஏரி இருக்கிறதே. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் என் வயலுக்குக் கணக்கு மடையில் வருவதுதான். இன்ஜின்தான் ஏரி, பின்தண்டுதான் மடை.

ஆகவே என் முன்மொழிவு: பி.டி.ஓ. என்பது விசைமடை. சுழலும் தண்டு மடைத்தண்டு. அங்கே கிடைக்கும் ஹெச்.பி. மடைத்திறன்.

இன்னொரு நண்பர் ‘பின்தண்டு’ என்று எழுதியிருந்தார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அமெரிக்கச் சிறு டிராக்டர்களில் வண்டியின் அடிவயிற்றில் புல்வெட்டி மாட்ட நடுவிலும் ஒன்று உண்டு, சில வண்டிகளில் முன்னாலும். ‘நடுப் பின்தண்டு’ என்று எழுதினால் சிரிப்பார்கள். பின்மடை, நடுமடை, முன்மடை என்றால் சிக்கல் இல்லை.

‘விசை’ இயற்பியலில் வேறு, திறன் வேறு என்று ஆசிரியர்கள் யாராவது பிடிப்பீர்கள் என்று தெரியும். பாடநூலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலூர் துறைமுகத்தில் நிற்பது விசைப்படகு, நெசவில் விசைத்தறி. இன்ஜினும் மோட்டாரும் ஓட்டுவதை விசை என்று தமிழ் எப்போதோ முடிவு செய்துவிட்டது. அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் திறனை வைத்திருக்கிறேன். மடைக்குச் சாமிக்குப் படைக்கும் சோறு என்றும் பொருள் உண்டு. மடைப்பள்ளியில் யாரும் டிராக்டர் ஓட்டப் போவதில்லை.

கையேட்டின் ஒரு வரியை மாற்றி எழுதிப் பார்த்தேன்: “புதர் வெட்டும் கருவிக்கு அடிக்கு 5 ஹெச்.பி. மடைத்திறன் வேண்டும். 5 அடிக் கருவி என்றால் 25.” படிக்கச் சரளமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
பாகூரிலிருந்து

---

> இன்ஜின்தான் ஏரி, பின்தண்டுதான் மடை.

ஐயா, உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பயம். எங்கள் சிதம்பரம் பக்கம் நடவுக்காலத்தில் வயலில் நிற்கிறவர் காதில் “மடையை மூடு” என்று விழுந்தால் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடுவார். எச்சரிக்கைப் பலகைக்கு இது ஆகுமா? அப்புறம், ஒர்க்‌ஷாப்பில் என்றைக்கும் பி.டி.ஓ.தான். அதை யாரும் மாற்ற முடியாது.

---

ஒர்க்‌ஷாப்பை மாற்ற நான் வரவில்லை. முதல்முறை வரும் இடத்தில் ‘விசைமடை என்னும் பி.டி.ஓ.’ என்று சேர்த்தே போடுவோம்.

எச்சரிக்கை பற்றிச் சொன்னது நியாயம். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. தோளில் கிடக்கும் துண்டின் நுனி சிக்கினால் கை எடுப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். அங்கே உவமைக்கு இடமில்லை. “சுழலும் தண்டு. இன்ஜினை நிறுத்தாமல் கிட்டே வராதே” என்று பச்சையாக எழுதுவோம். தனி ‘மடை’யைக் கையேட்டில் எங்கேயும் விடப்போவதில்லை.

அந்தத் தம்பியிடம் மறுபடி போனேன். ‘மடைத்தண்டு’ என்றதும் வண்டியின் பின்பக்கம் கை காட்டினார். ‘மடைத்திறன்’ என்றதற்கு முழித்தார். “மடையில எவ்ளோ ஹெச்.பி. வருது?” என்று கேட்டதும் பதில் வந்தது. அட்டவணையின் தலைப்பையும் அதேபோல் ‘விசைமடையில் வரும் ஹெச்.பி.’ என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நீளம்தான். அதோடு, வண்டி நின்றாலும் தனி கிளட்சில் சுழலும் வகைக்குத் ‘தனிமடை’ என்று போட்டிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போகிறது.