பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்த வருஷம் உங்க எச்.எம். என்ன செஞ்சாங்க?

பிப்பெட் எழுதியது:

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டப்போ, 2025-26 கல்வியாண்டுல இருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாதுன்னும் அறிவிச்சாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு பேர் கை தட்டினாங்க. எனக்கு 2017 ஜூன் ஞாபகம் வந்துச்சு. தேர்வு நல்லதா கெட்டதான்னு இங்க சண்டை வேணாம். அது வந்தப்போ எச்.எம். நாற்காலியில இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க. முதல்ல நான்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில வேதியியல் முதுகலை ஆசிரியர். அதுக்கு முன்னாடி பிளஸ் ஒன் எப்படி இருந்துச்சுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பத்தாவது எழுதி முடிச்ச களைப்பாறுற வருஷம். சீனியர் எல்லாம் பிளஸ் டூ எடுப்போம். புதுசா வந்தவங்க, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) சம்பளத்துல வந்தவங்க தலையில பிளஸ் ஒன். பாடம் பாதி முடிஞ்சா பெரிய விஷயம். நீட் வந்த பிறகுதான் அதுல கணிசமான கேள்வி பிளஸ் ஒன் பாடத்துல இருந்து வருதுன்னு ஊருக்கே உறைச்சது. 2017 மே மாசம் அரசாணை வந்துச்சு. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, பாடத்துக்கு 200 போய் 100, மூணு மணி நேரம் போய் ரெண்டரை.

அப்ப எங்க எச்.எம். ஒரு மேடம், கணக்கு டீச்சர். ஓய்வுக்கு ரெண்டு வருஷம் பாக்கி. அந்த வயசுல வர்ற எச்.எம். பெரும்பாலும் 'பென்ஷன் பேப்பர் நல்லபடியா போகட்டும்'னு இருப்பாங்க, தப்பு சொல்ல மாட்டேன். ஜூன் முதல் ஸ்டாஃப் மீட்டிங்ல மேடம் அரசாணையை முழுசா வாசிச்சாங்க. அப்புறம் டைம் டேபிளை மேசை மேல வச்சாங்க. சீனியர் அத்தனை பேருக்கும் பிளஸ் ஒன் போட்டிருந்துச்சு.

எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிச்சு. 'சென்ட்டம் வாத்தியார்'னு அப்ப நமக்குப் பேரு. எழுந்து, "மேடம், பிளஸ் டூ ரிசல்ட் விழும்"னேன்.

"விழட்டும் சார். பிளஸ் ஒன்ல விட்டதைத்தானே வருஷா வருஷம் பிளஸ் டூல ராத்திரி ஏழு மணி வரைக்கும் உக்கார வச்சு ஒட்டுப்போடுறீங்க?"

சொல்லிட்டு, தானும் பிளஸ் ஒன் பி பிரிவுக்குக் கணக்கு எடுத்துக்கிட்டாங்க. அதனால மேல பேச வாய் வரல.

இன்னொண்ணு லேப் சாவி. பிளஸ் ஒன் பிள்ளைங்க லேப்புக்குள்ள வந்ததே கிடையாது. இப்ப பிளஸ் ஒன்னுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. சாவியை பீரோவுல வைக்கக் கூடாது, எச்.எம். ரூம் வெளியில ஆணியில தொங்கணும், பிளஸ் ஒன் பாடவேளையில யார் கேட்டாலும் எடுத்துக்கலாம்னு மேடம் சொன்னாங்க. ஜூலையில திறந்து பார்த்தா ப்யூரெட் ஸ்டாண்டு எல்லாம் துரு. எனக்கே வெக்கமா போச்சு.

மூணு வாரம் நான் மேடம்கிட்ட வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசல. 2018ல பிளஸ் டூ தேர்ச்சி நிஜமாவே கொஞ்சம் இறங்குச்சு. ரிவ்யூ மீட்டிங்ல சதவீதம் குறைஞ்ச பள்ளி எச்.எம்.களை எழுந்து நிக்கச் சொன்னாங்களாம். மேடம் எங்ககிட்ட அதைச் சொல்லவே இல்ல. கூடப் போன உதவித் தலைமை ஆசிரியர்தான் சொன்னார். மறுநாள் காலையில வந்து, லேப் இருப்புப் பதிவேட்டைக் கொண்டாங்கன்னு கேட்டாங்க.

முதல் பேட்ச் எழுதியது:

சார், நீங்க சொல்ற மேடம் எனக்குக் கிடைக்கல. நான் அந்த முதல் செட். ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, ஊர் பேர் வேணாம்.

எங்க எச்.எம். பிரேயர்ல "இனி பிளஸ் ஒன்னும் பொதுத்தேர்வு, கவனமா இருங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான். டிசம்பர் வரைக்கும் எல்லாம் பழைய மாதிரியே. இயற்பியலுக்கு ஆளே கிடையாது. ஜனவரியில திடீர்னு முழிச்சுக்கிட்டாங்க. மினிமம் மெட்டீரியல்னு 30 பக்கம் ஜெராக்ஸ், காலையில எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க்னு சொல்ற புளூபிரிண்ட் கிடையாதுன்னு வேற சொல்லிட்டாங்களா, எதை விடலாம்னு வாத்தியார்களுக்கே தெரியல.

நான் இயற்பியல், கணக்கு ரெண்டுலயும் போச்சு. பிளஸ் ஒன்ல ஃபெயில் ஆனாலும் பிளஸ் டூ போகலாம், அரியரைச் சேர்த்து எழுதிக்கலாம்னுதான் விதி. ஆனா ஜூன்ல எச்.எம். எங்கப்பாவை வரச் சொன்னார். அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர், ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தார். எச்.எம். ரொம்ப அன்பாத்தான் பேசினார். "பையன் பாவம்யா, இங்க கஷ்டப்படுவான். டி.சி. வாங்கிட்டு ஐ.டி.ஐ.ல சேத்துரு, ஒரு தொழிலாவது கையில இருக்கும்." அப்பா தலையாட்டிட்டார். அவருக்கு அது அறிவுரைன்னுதான் தோணுச்சு. அடுத்த வருஷ சதவீதத்துல நான் ஒரு ஓட்டைன்னு எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

வராண்டாவுல தமிழ் ஐயா மறிச்சு, "எங்கடா போற?"ன்னு கேட்டார். சொன்னேன். "டி.சி. கேட்டு நீ எழுதித் தந்தாத்தான் அவர் தர முடியும். நீ எழுதாத. போய் கிளாஸ்ல உக்காரு"ன்னார். போய் உக்காந்தேன். ரெண்டு அரியரும் க்ளியர் பண்ணி, பி.காம். முடிச்சு, இப்ப வேலையில இருக்கேன். ஐ.டி.ஐ. போயிருந்தாலும் நல்லாத்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனா அந்த முடிவை நான் எடுத்திருக்கணும்.

டைரி ஆசிரியை எழுதியது:

தனியார் பக்கத்துக் கதையையும் கேட்டுக்கோங்க. விடுதியோட இருக்கிற மெட்ரிக் பள்ளி. எங்க ஊர்ப் பக்கம் பத்தாவது ரிசல்ட் வந்த அடுத்த வாரமே பிளஸ் ஒன் பிள்ளைங்க கையில பிளஸ் டூ புத்தகம்தான் இருக்கும். ரெண்டு வருஷமும் அதே புத்தகம். பிளஸ் ஒன் பாடம் நடத்தினதா வேலை டைரியில மட்டும் இருக்கும், நான்தான் எழுதுவேன். மாற்றத்துக்கே காரணம் எங்களை மாதிரி பள்ளிங்கதான், ஒத்துக்கிறேன்.

இங்க எச்.எம். முடிவெடுக்க மாட்டார், தாளாளர்தான். எங்க பிரின்சிபால் சாது. ஆனா அந்த வருஷம் ஒரு சாமர்த்தியம் பண்ணினார். பிள்ளைங்க அடிப்படை கத்துக்கணும், அது இதுன்னு தாளாளர்கிட்ட பேசவே இல்ல. "ஐயா, ரெண்டு வருஷ மார்க்கையும் கூட்டித்தான் 1200னு சான்றிதழ். பாதி மார்க் பிளஸ் ஒன்ல இருக்கு"ன்னார். ஒரே வாரத்துல புத்தகம் மாறுச்சு.

ஆனா 2018 செப்டம்பர்ல, உயர்கல்விக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு மாத்திட்டாங்க. தாளாளர் பிரின்சிபாலைக் கூப்பிட்டு, "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டார். அவரால ஒண்ணும் சொல்ல முடியல. பழைய டைரி முறை முழுசா திரும்பலன்னாலும் பாதி திரும்பிடுச்சு. மார்க்கைக் காட்டி உள்ள கொண்டுவந்தது, மார்க் போனதும் போயிடுது. அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல, அவர் கையில இருந்த ஆயுதம் அது ஒண்ணுதான்.

பச்சை மை எழுதியது:

மூணு பதிவையும் படித்தேன். நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியன். அந்த 2017–18ல் நாற்காலியில் இருந்தவன்.

காலையில் ஒன்பது மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் என் மேசையில் என்ன இருக்கும் தெரியுமா? எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, லேப்டாப் வந்த கணக்கு, சைக்கிள் வந்த கணக்கு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சத்துணவு அமைப்பாளர் விடுப்பு. நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், திருத்தம் அந்த வருஷம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வகுப்புக்கு. ஒரு எழுத்து தப்பானாலும் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சான்றிதழோடு அலையும். வாட்ஸ்அப்பில் மணிக்கொரு சுற்றறிக்கை, எல்லாமே 'இன்று மாலைக்குள்'. முதுகலை ஆசிரியர் இடம் இரண்டு காலி. ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் போய் நின்று பி.டி.ஏ. பணம் திரட்டி இரண்டு பிள்ளைகளை வேலைக்கு வைத்தேன். இதற்கு நடுவில் கல்வியை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

பிப்பெட் சாரின் மேடம் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர்களுக்குப் பிளஸ் ஒன்னுக்குத் தூக்கிப் போட சீனியர்கள் இருந்தார்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் பேட்ச் தம்பி எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை. தம்பி, நானும் இரண்டு பேருக்கு அப்படி டி.சி. கொடுத்திருக்கிறேன். அதே போல அன்பாகப் பேசித்தான். பெற்றோரே விரும்பிக் கேட்டதாக எழுதி வாங்கிக்கொண்டேன், பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஒருவன் பேருந்து நிலையத்தில் பார்த்தால் இப்போதும் ஓடிவந்து வணக்கம் சொல்கிறான். அவனுக்குத் தெரியாது. இன்னொருவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

வசந்தா அக்கா எழுதியது:

நான் டீச்சர் இல்லீங்க, அம்மா. எம் பொண்ணு 2021 பிளஸ் டூ செட்டு. கொரோனாவுல பரீட்சையே இல்லாமப் போச்சே, அந்த செட்டு. பத்தாவதுல நல்லா வாங்கின மூணு பாடத்துல இருந்து 50, பிளஸ் ஒன்ல இருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30னு கணக்குப் போட்டு மார்க் குடுத்தாங்க. அவ பத்தாவதுல சுமார்தான். பிளஸ் ஒன் மார்க்தான் தூக்கி விட்டுச்சு.

அதுக்கு அவங்க எச்.எம்.தான் காரணம். பிளஸ் ஒன் மார்க் காலேஜுக்கு வேணாம்னு எல்லாரும் அசட்டையா இருந்த நேரம். அவர் மட்டும் பெத்தவங்க கூட்டத்துல, "வேணுமா வேணாமான்னு அவங்க அடிக்கடி மாத்துவாங்க. நீங்க மாத்தாதீங்க, பிள்ளைய அனுப்புங்க"ன்னார். அப்ப நாங்க சிரிச்சோம்.

பிப்பெட் எழுதியது:

பச்சை மை சார், உங்களுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு தெரியல. ஆள் இல்லாத பள்ளியில மேடம் என்ன செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சேன். எனக்கும் விடை இல்ல. எங்ககிட்டயும் தமிழுக்கு ஒரு இடம் காலியாத்தான் இருந்துச்சு, ஆனா அறிவியல்ல எல்லாரும் இருந்தோம். அது அதிர்ஷ்டம்தான்.

இப்போ எங்க பள்ளி நிலைமை. புது எச்.எம். இளையவர், என்னைவிட எட்டு வயசு சின்னவர். அறிவிப்பு வந்த வாரம் ஸ்டாஃப் மீட்டிங் போட்டார். ஒருத்தர் எழுந்து, "அடுத்த ஜூன்ல பழையபடி பிளஸ் ஒன்னை ஜூனியர்ஸ்கிட்ட குடுத்துடலாமா சார்?"னார். எச்.எம். உடனே பதில் சொல்லல. "யோசிக்கலாம்"னார். என்னைப் பார்த்தார். 2017ல நான் எந்தப் பக்கம் நின்னேன்னு அவருக்குத் தெரியாது. "எனக்கு பிளஸ் ஒன்னே போதும் சார்"னு சொன்னேன். பக்கத்துல இருந்த கணக்கு சார் இருமினார். அவருக்கு எல்லாம் தெரியும்.

சாயந்திரம் மேடத்துக்கு போன் போட்டேன். இப்ப மகள் வீட்டுல இருக்காங்க. செய்தியைச் சொன்னேன். தேர்வு போனதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேரன் அழுற சத்தம் பின்னாடி கேட்டுச்சு. அதுக்கு நடுவுல கேட்டாங்க: "லேப் சாவி இன்னும் வெளியிலதானே சார் தொங்குது?"

நாளைக்குப் போய்ப் பார்க்கணும்.