சிஸ்டர்களுக்குச் சிலை வைக்கிறோம், பீடம் வேண்டுமா?

கேள்வி:
எங்கள் கல்லூரி மெர்சி என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சிஸ்டர்கள் தொடங்கியது. இப்போது வளாகத்தில் ஒன்றிரண்டு சிஸ்டர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சேவையை நினைவுகூர நூலகத்துக்கு முன்னால் வெண்கலச் சிற்பம் வைப்பதென்று முடிவாகி, மாணவர் தரப்பில் என்னைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். முதல் வரைபடத்தில், சபையைத் தொடங்கிய கேத்தரின் மெக்காலி ஆளுயரப் பீடத்தில் கைகூப்பி நிற்கிறார். அழகுதான், ஆனால் கோயில் சுரூபம் மாதிரி இருக்கிறது, சேவை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வேறு எப்படிச் செய்யச் சொல்லலாம்?

பதில் 1:
முதலில் பீடத்தை எடுக்கச் சொல்லுங்கள். அயர்லாந்தின் டப்ளினில் 1831இல் சபை தொடங்கிய காலத்தில் கன்னியர் என்றாலே மடத்தைவிட்டு வெளியே வராதவர்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இவர்களோ நோயாளிகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனதால் 'நடக்கும் கன்னியர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வார்த்தைப்பாடுகளோடு, அதாவது துறவற உறுதிமொழிகளோடு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கல்லாதவர்களுக்கும் சேவை செய்வோம் என்று நான்காவதாக ஒன்றும் கொடுத்தவர்கள். கேத்தரினைத் தரையிலேயே, ஒரு கால் முன்னால் வைத்து நடக்கிறவராகச் செய்யுங்கள். மாணவர்கள் கூடவே நடந்து போகட்டும்.

பதில் 2:
நடப்பது சரி, யாரிடம் போகிறார் என்பதும் தெரிய வேண்டாமா? வாஷிங்டனில் 1924இல் திறந்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த கன்னியர்களுக்காக. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த பன்னிரண்டு சிஸ்டர்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் சபை உடை, முக்காட்டின் மடிப்புகூட வேறு வேறு. அற்புதமான வேலை. ஆனால் எனக்கு அதில் குறையாகப் படுவது, அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தச் சிப்பாய் இல்லாததுதான். உங்கள் சிற்பத்தில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். ஆனால் காலடியில் கையேந்தி உட்கார வைத்துவிடாதீர்கள்! கேத்தரின் தனக்கு வந்த சொத்தில் கட்டி 1827இல் டப்ளினின் பேகட் தெருவில் திறந்த வீட்டில் இளம்பெண்களுக்குத் தங்க இடமும் கொடுத்தார்கள், தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பெண்ணும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே துணியைத் தைக்கலாம், இருவர் கண்ணும் ஒரே உயரத்தில்.

பதில் 3:
நான் நர்ஸ், மெர்சி சிஸ்டர்களிடம் படித்தவள். கேத்தரின் 1841 நவம்பரில் இறக்கும் தறுவாயில், தான் போன பிறகு சிஸ்டர்களுக்கு நல்ல டீ கொடுங்கள் என்று சொன்னாராம். இரவெல்லாம் ஒரு நோயாளி பக்கத்தில் இருந்துவிட்டு வந்தால்தான் அந்த டீயின் அருமை தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு பெஞ்சும் அதில் ஒரு கோப்பையும் இருக்கட்டும். கோப்பையைத் தனியாக ஒட்டினால் யாராவது பிடுங்கிவிடுவார்கள், பெஞ்சோடு சேர்த்தே வார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், சிலையின் கையை மாணவர்கள் எட்டித் தொடும் உயரத்தில் வையுங்கள். தொடத் தொட வெண்கலத்தின் கறுப்பு தேய்ந்து, அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பீடம் போயாச்சு. நடப்பதா தைப்பதா என்று குழுவில் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் நடப்பது என்று முடிவானது, பக்கத்தில் ஒரு பெண், கோப்பையோடு பெஞ்ச். களிமண்ணில் செய்த மாதிரிச் சிலை வந்ததும் இங்கே இருக்கும் மூத்த சிஸ்டரிடம் காட்டினோம். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து காலணியைப் பார்த்துவிட்டு, குதிகால் இன்னும் தேய்ந்திருக்கணும் என்றார். சிற்பி தேய்த்துக்கொண்டிருக்கிறார்.