புதுப்பிப்பு: பயணப் படங்களும் நகரப் படங்களும் தயார், வாக்களியுங்கள்

நீங்களே எடுத்த பயணப் படங்களையும் நகரப் படங்களையும் அனுப்பச் சொல்லிப் போன வாரம் கேட்டிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. அவற்றில் 20 படங்களுக்கு எண் கொடுத்திருக்கிறேன். வாக்களிப்பு இன்று தொடங்குகிறது.

ஒரு மாற்றம். ஆளுக்கு ஒரு வாக்கு என்று முன்பு எழுதியிருந்தேன். படங்களைப் பார்த்தபின் அது அநியாயமாகப் பட்டது. எனவே ஆளுக்கு மூன்று. சொந்தப் படத்துக்கு மட்டும் வேண்டாம்.

7ஆம் எண் படத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மழை விட்ட தெரு; சூரியன் மறைந்து வானம் கருநீலமாகும் நேரம். பஸ் விளக்குகள் சிவப்புக் கோடுகளாக நீண்டிருக்க, அசையாமல் நிற்கும் குடைக்காரப் பெண் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1838இல் பாரிஸ் வீதியொன்றைப் படமெடுத்தபோதும் இப்படித்தான் ஆனது. ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் நகர்ந்தவர்களும் வண்டிகளும் மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றிருந்தவர் பதிந்துவிட்டார்.

12ஆம் எண், ஓடும் ரயிலிலிருந்து எடுத்தது. சற்றுக் கலங்கல்தான், ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் குழந்தையின் முகம் என்னை விடவில்லை. நுட்பக் குறைக்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பெரிய திரையில் பாருங்கள், கைப்பேசியில் ஓரங்கள் தப்பிவிடும். ஞாயிறு இரவு 10 மணி வரை நேரம் இருக்கிறது. எண்ணோடு, ஏன் பிடித்தது என்று ஒரு வரியும் எழுதுங்கள்; எடுத்தவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.