ஆய்வுக் கட்டுரையை மூன்று நாளில் ஜர்னலில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், அனுப்பலாமா?

அவிநாசி நர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங், கம்யூனிட்டி ஹெல்த் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் 120 பேரிடம் உடம்பு வலி பற்றி ஆய்வு செய்தேன். உடம்பில் எந்தெந்தப் பகுதியில் வலி என்று கேட்கும் நார்டிக் கேள்வித்தாளைத் தமிழில் மாற்றிப் பயன்படுத்தினேன். டீ நேரத்தில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில்தான் கேட்க முடிந்தது. ஒன்றரை ஷிப்ட் நின்ற ஓர் அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மேசைக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

தீசிஸ் 130 பக்கம், அலமாரியில் கிடக்கிறது. இப்போது ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. 4,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுவார்களாம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது, பெயரிலேயே இன்டர்நேஷனல் என்று வருகிறது. நம்பலாமா? கைடு பெயரை முதலில் போட வேண்டுமா?

காங்கேயம் சிஸ்டர்:
கட்டாதீங்க. நான் கட்டினேன். ஒரு திருத்தமும் கேட்காமல் எழுத்துப்பிழையோடு போட்டார்கள். பிறகு நல்ல ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினால், ஏற்கெனவே வெளிவந்ததை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் சேகரித்த தகவல் அத்தோடு போயிற்று.

பெருந்துறை அக்கா:
கண்ணு, ஐ.எஸ்.எஸ்.என். என்பது வரிசை எண் மாதிரி, யார் கேட்டாலும் கிடைக்கும். தரத்துக்கு அது சான்று இல்லை. யுஜிசி கேர் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்கள்) பட்டியலில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தாலும் மயங்காதே, அந்தப் பட்டியலையே 2025-இல் நிறுத்திவிட்டார்கள். ஸ்கோபஸ், மெட்லைன் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் இருக்கிறோம் என்று சொன்னால் அவர்கள் பேச்சை விட்டுவிட்டு அந்தந்தத் தளத்திலேயே தேடு. நல்ல ஜர்னலிலும் சில காசு கேட்கும், சில கேட்காது. சந்தா வைத்து நடத்துபவற்றில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, திறந்த அணுக்கம், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்றால், பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்டதை, திறந்த அணுக்க ஜர்னல்களுக்கென்றே உள்ள டிஓஏஜே பட்டியலில் பார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நார்டிக்கில் கீழ் முதுகு தனி, இடுப்பும் தொடையும் தனி. நம்மூர்ப் பெண்களுக்கு இரண்டும் 'இடுப்பு'தான். "இடுப்பு நோவுதுங்க" என்றபோது நீ எந்தக் கட்டத்தில் டிக் போட்டாய்? கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் முதலில் இதைத்தான் பிடிப்பார். எப்படிப் பிரித்தாய் என்பதை மெத்தட் பகுதியில் நாலு வரி எழுது. கேள்வித்தாளைத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தாயா, யார் பார்த்தார்கள் என்பதையும் எழுது. 130 பக்கத்தை 3,000 சொல்லுக்குள் கொண்டுவரும்போது இலக்கிய ஆய்வைத் தாராளமாக வெட்டு, இதை மட்டும் வெட்டாதே. கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலில் 22 அம்சம் உண்டு, உன்னுடையது போன்ற ஆய்வுக்காகவே செய்தது. பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது.

தீசிஸ் பல்கலைக்கழகத் தளத்தில் ஏறியிருந்தால் கவர் லெட்டரில் சொல்லிவிடு, இல்லையென்றால் மென்பொருள் அதைக் காப்பி என்று காட்டும்போது அவர்களுக்குச் சந்தேகம் வரும். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பவே கூடாது.

பெயர் விஷயம்: வேலை செய்து எழுதியவள் நீ, முதல் பெயர் உன்னுடையது. ஆய்வை வடிவமைக்க உதவி, வரைவைத் திருத்தி, இறுதி வடிவத்துக்குச் சம்மதித்து, பொறுப்பும் ஏற்றால் கைடும் கட்டுரையாசிரியர்தான். எழுத உட்காரும் முன்பே கைடு மேடத்திடம் பேசிவிடு.

அவிநாசி நர்ஸ்:
அக்கா, அந்த இடுப்பு விஷயம் எனக்கும் நடந்தது! முதல் பத்துப் பேரிடம் வாயால் கேட்டு, குழம்பிப்போய், அப்புறம் உடம்புப் படத்தைக் காட்டிக் கை வைக்கச் சொன்னேன். அந்தப் பத்துப் பேரிடமும் மறுநாள் போய்ப் படத்தோடு திரும்பக் கேட்டேன். தீசிஸில் இதை எழுதவே இல்லை.

பெருந்துறை அக்கா:
அதை அப்படியே எழுது. நீ மறுநாள் போய்த் திரும்பக் கேட்டதுதான் உன் தகவலை நம்ப வைக்கும். ரிவ்யூவர் படித்து ரிஜெக்ட் ஆனாலும் பெரும்பாலும் கருத்து எழுதி அனுப்புவார்கள். எனக்கு முதல் கட்டுரை இரண்டு இடத்தில் திரும்பி வந்து மூன்றாவதில்தான் ஏறியது. அந்த இரண்டு பேர் கேட்ட கேள்விகளால்தான் கட்டுரை உருப்பட்டது.

அவிநாசி நர்ஸ்:
சரிங்கக்கா, அந்த மெயிலை அழித்துவிட்டேன். ஒன்று மட்டும்: கம்பெனிக்காரர் அனுமதி தந்தார், நன்றியில் அவர் கம்பெனி பெயரைப் போடலாமா?

பெருந்துறை அக்கா:
வேண்டாம் கண்ணு. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் என்று எழுதினால் போதும். செக்கிங்கில் வலிக்கிறது என்று சொன்னது யார் என்று சூப்பர்வைசர் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது.