தையல் நோவும் வேதுக் குளிப்பும்

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): சுகப்பிரசவமாகி 5 நாட்களாகின்றன, தையலிட்ட இடம் இருக்கவும் எழும்பவும் விடாமல் நோகிறது. நொச்சியும் ஆடாதோடையும் அவித்த கொதிநீரில் வேது குளிக்க வேண்டும் என்கிறார் மாமி. அது தையலைப் பாதிக்குமா?

பதில் 1: வேது உடல் அலுப்புக்கு இதமானதுதான், தங்கச்சி, ஆனால், கொதிநீர் தையலில் படக் கூடாது. அகன்ற பேசினில் இளஞ்சூட்டு நீரை நிரப்பி, 10 நிமிடம் அமர்ந்தெழுந்து, சுத்தமான பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிந்தால், அவ்வேளையிலேயே வெதுவெதுப்பான நீரை ஊற்றுவது எரிவைத் தணிக்கும்.

பதில் 2: பத்தியமென்று தண்ணீரையும் மரக்கறியையும் குறைத்து, மலச்சிக்கலால் நான் பட்ட பாடு போதும், கீரையும் பப்பாசிப்பழமும் உண்ணுங்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் தோன்றினால், மருத்துவ மாதுவின் வருகைக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி, அக்கா. வேதை முதுகோடு நிறுத்த மாமியும் சம்மதித்துவிட்டார்.