‘ஒன் வீக்’ (1920): அந்த ரயில் காட்சி எப்படி வேலை செய்கிறது?

ரீல்பெட்டி:
மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டன் நடித்து இயக்கிய ‘ஒன் வீக்’ படத்தைப் பற்றி இரண்டு கேள்விகள். புதுமணத் தம்பதி தாங்களே கோணலாகக் கட்டிய வீட்டின் கதை அது. தண்டவாளத்தில் சிக்கிய வீட்டை ரயில் இடிக்காமல் போய்விடுகிறது. அப்பாடா என்கிற நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வந்து நொறுக்குகிறது. முடிவு தெரிந்த பிறகும் இது ஏன் சிரிக்க வைக்கிறது? அடுத்தது, யூடியூப் பிரதியில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்களே, வேகத்தைக் குறைக்கலாமா?

வெள்ளித்திரை:
முதல் ரயில் வரும்போது கேமரா நிற்கும் கோணத்தைக் கவனியுங்கள். வீடு எந்தத் தண்டவாளத்தில் நிற்கிறது, ரயில் எதில் வருகிறது என்று அங்கிருந்து பிரித்தறிய முடியாது. கணவனும் மனைவியும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தடத்தில் கடந்த பிறகுதான் இரண்டு தடம் இருப்பதே உறைக்கிறது. நம் கவனம் ஒரு திசையில் இருக்க, அடி மறு திசையிலிருந்து விழுகிறது. மோதலில் சின்னதாகச் செய்த மாதிரி உருவம் எதுவும் இல்லை. வீடும் ரயிலும் நிஜ அளவு. தூரக் காட்சியாக முழுசாகக் காட்டுவதால்தான் கண் நம்புகிறது. குளோசப்பில் துண்டு துண்டாக வெட்டியிருந்தால் வெறும் விபத்தாகியிருக்கும்.

கைப்பிடி18:
வேகக் கணக்கு இது. இது 2 ரீல் படம், அதாவது ஏறக்குறைய 2,000 அடி ஃபிலிம். 35 எம்எம் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஆக 32,000. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் சுமார் 22 நிமிடம், 20 என்றால் 27 நிமிடம். பிளேயரில் வேகத்தை 0.75 என்று வைத்தால் 24 என்பது 18 ஆகிவிடும். நடை இயல்பாகும், ஆனால் விழுகிற காட்சிகள் மந்தமாகிவிடும். நகைச்சுவைக்காகவே கேமராவைக் கையால் மெதுவாகச் சுற்றி எடுத்து, திரையில் வேகமாக ஓட்டிய காலம் அது. 0.9-க்குக் கீழே போகாதீர்கள். ஒருமுறை இசையை நிறுத்திவிட்டும் பாருங்கள். பிரதிக்குப் பிரதி இசை வேறு, கீட்டனின் தாளம் அது இல்லாமலே கேட்கும்.

வெள்ளித்திரை:
0.9 சரியான அளவு. ஒன்றைச் சேர்க்கிறேன்: எட்வர்ட் க்ளைனும் இதன் இயக்குநர்தான், அவர் பெயர் விட்டுப்போகக் கூடாது.

தச்சன்மகன்:
ரயிலுக்கு முன்பே வீட்டைப் பாருங்கள் நண்பரே. ஃபோர்டு கம்பெனி 1919-இல் எடுத்த ‘ஹோம் மேட்’ என்ற, பெட்டிகளில் பாகங்களாக வந்து நாமே பொருத்திக் கட்டும் வீட்டைப் பற்றிய விளக்கப்படத்தைத்தான் இது கிண்டல் செய்கிறது. நாட்கள் நகர்வதைக் காட்ட நாள்காட்டித் தாள் கிழிவதும் அங்கிருந்து வந்ததே. மணப்பெண்ணைக் கீட்டனிடம் இழந்த போட்டியாளன் பெட்டி எண்களை மாற்றி எழுதுகிறான். கீட்டனோ வீட்டைப் பொருத்தும் செய்முறைக் குறிப்பை வரிக்கு வரி பின்பற்றுகிறார். தப்பு உழைப்பில் இல்லை, எண்ணில். அதனால்தான் கோணல் வீட்டின் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. புயலில் வீடு சுழல்வதற்காக அதைச் சுழல்மேடை மேலேயே கட்டினார்கள். கடைசியில் இடிபாட்டில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை நட்டு, அந்தச் செய்முறைக் குறிப்பையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போகிறார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.