பெர்லின் குயர் வரலாறு வாக்கிங், ரூட் உதவி வேணும்
பெர்லின்ல இருக்கவங்க யாராச்சும் சொல்லுங்க. வர்ற சனிக்கிழமைக்கு ஷோனபெர்க் ஏரியால குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் மாதிரி ஆளுங்களோட) வரலாறு வாக்கிங் டூர் புக் பண்ணிருந்தேன், நேத்து கேன்சல்னு மெயில் வந்துடுச்சு. வேற ரெண்டு இடத்துல கேட்டேன், ஒண்ணு ஜெர்மன் மட்டும், இன்னொண்ணுல 8 பேராவது வேணுமாம். சரி நாங்களே சுத்திக்கலாம்னு மேப்ல குறிச்சேன், நோலென்டார்ஃப்பிளாட்ஸ் ஸ்டேஷன் சுவத்துல நாஜி காலத்துல பலியான தன்பாலீர்ப்பாளர்கள் நினைவா 1989ல வச்ச இளஞ்சிவப்பு முக்கோணக் கல்லு, பக்கத்துலயே மோட்ஸ் தெருவுல நாஜிங்க வர்றதுக்கு முன்னாடி குயர் ஆளுங்க கூடுன எல்டொராடோ கிளப் இருந்த இடம், இதுவரைக்கும் ஈசி. டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919ல ஆரம்பிச்ச பாலியல் ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட் இருந்த இடமும், நாஜிங்க கொடுமைப்படுத்துன தன்பாலீர்ப்பாளர்களுக்காக 2008ல திறந்த நினைவுச்சின்னமும் டியர்கார்டன் பூங்கா பக்கம், அங்கதான் மாட்டிக்கிட்டேன். கூட அம்மா வர்றாங்க (இத பாக்கணும்னு ஆரம்பிச்சதே அவங்கதான்), முட்டி வலி, அரை மணி நேரத்துக்கு மேல நடக்க மாட்டாங்க. நோலென்டார்ஃப்பிளாட்ஸ்லேர்ந்து அந்த ரெண்டு இடத்துக்கும் நடை கம்மியா எப்படிப் போறது?